சோளம் கற்பிக்கும் சிக்கனம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இசையும் நாடகமும் இலக்கியமும் இடம்பெறுதல் நம் சங்கத்தின் மரபு. அவற்றினிடையே ஒரு தானியத்தைப் பற்றிப் பேசவும் அரைமணி நேரம் ஒதுக்கிய விழாக் குழுவினருக்கு நன்றி உரியது. உணவைப் பற்றிய பேச்சு இலக்கிய மேடைக்குப் புறம்பானதன்று. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர். மழை பொய்த்தால் மக்கள் என் செய்வர் என்னும் கவலை குறளின் இரண்டாம் அதிகாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அக்கவலைக்கு உழவர் தம் அனுபவத்தால் கண்ட விடைகளுள் ஒன்றே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சோளப் பயிர் வறட்சியை எவ்வாறு தாங்குகிறது? எல்லா வகைச் சோளமும் ஒரே விதமாகத் தாங்குகின்றனவா? அதனால் நமக்கு ஆவது என்ன? இம்மூன்று வினாக்களையும் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். சோளம் என்றவுடன் நம் குழந்தைகளின் மனத்தில் தோன்றுவது மஞ்சள் மணிகள் அடுக்கிய மக்காச்சோளக் கதிர். அஃது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறொரு பயிர். நாம் பேசுவது நம் பாட்டியர் உரலில் இட்டு இடித்துச் சோறாக்கிய வெள்ளைச் சோளம்; இம்மராட்டிய மண்ணில் ஜ்வாரி என்று வழங்கும் சோளம்; மாலை நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து பாக்ரி தட்டும் ஓசை கேட்கிறதே, அந்தச் சோளம்.

ரயில் பாதை ஓரத்து வியப்பு

பொங்கலுக்கு ஊர் செல்லும்போது நம்மில் பெரும்பாலோர் புனே, சோலாப்பூர், ராய்ச்சூர் வழியாகவே சென்னை ரயிலில் செல்கிறோம். தௌண்டு கடந்த பின் சன்னல் வழியே நோக்கினால் இருமருங்கிலும் கரிய மண். அம்மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை நின்று மூன்று திங்கள் ஆகியிருக்கும். வாய்க்காலோ கிணறோ இல்லாத வயல்களே பல. ஆயினும் அந்த வெடிப்புகளினிடையே ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்த சோளம் கதிர் சுமந்து நிற்கும். மேலே ஈரமில்லை, வானத்தில் மேகமில்லை. பிறகு இப்பயிர் எந்த நீரைக் குடித்து நிற்கிறது?

விடை மண்ணுக்குள் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் உள்ள மகாபலேசுவரம் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவது. மலையைக் கடந்து கிழக்கே வருந்தோறும் மழை குறைந்துகொண்டே வரும். சோலாப்பூர்ப் பகுதி பெறுவது ஏறத்தாழ 500 முதல் 700 மில்லிமீட்டர். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். செப்டம்பர் மாதமே அங்கு நம்பிக்கைக்குரிய மழைக்காலம். ஆதலின் அப்பகுதி உழவர் தொன்றுதொட்டே மழைக்காலம் முழுவதும் ஆழமான கரிசலை உழுது, வரப்பிட்டு, விதைக்காமல் வைத்திருப்பர். பெய்யும் மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்கிச் சேரும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவிற்குள் விதைப்பர். அதன்பின் வானத்தை நோக்கிப் பயன் பெரிதும் இல்லை. சேமித்து வைத்த ஈரத்தைக் கொண்டே நான்கு திங்களும் பயிர் வாழ்ந்தாக வேண்டும். இதனையே ராபி பருவச் சோளம் என்பர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல், பயிருக்குப் பயன்படும் நீராக 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பிடித்து வைக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு இது 150 முதல் 200 லிட்டர். அப்பரப்பில் பதின்மூன்று செடிகள் நின்றால், ஒரு செடியின் பங்கு பன்னிரண்டு முதல் பதினைந்து லிட்டர். அதாவது நம் குளியலறையில் உள்ள வாளியில் ஒரு வாளித் தண்ணீர். முளைப்பதற்கும் வளர்வதற்கும் பூப்பதற்கும் மணி முற்றுவதற்கும் அந்த ஒரு வாளிதான். அதிலும் ஒரு பகுதி மண்ணின் மேற்பரப்பிலிருந்தே ஆவியாகிவிடும்.

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இந்நிலை நன்கு விளங்கும். முதல் தேதி வந்த பணத்தை முதல் வாரத்திலேயே செலவிட்ட குடும்பம் மாத இறுதியில் கடன் கேட்டு நிற்கும். சோளத்திற்கோ கடன் கொடுப்பார் இல்லை. வறட்சியைத் தாங்கும் ஆற்றல் என்று அறிவியலார் கூறுவது பெரும்பாலும் இந்த வரவு செலவுத் திறமையே ஆகும்.

பயிரின் பொதுக் குணங்கள்

சோளத்தின் தாயகம் ஆப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதி; இன்றைய சூடானும் எத்தியோப்பியாவும் சார்ந்த நிலம். அங்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதனைப் பயிரிடத் தொடங்கினர் என்பர். அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டை அடைந்தது. வேற்று மண்ணிலிருந்து வந்து இம்மண்ணுக்கே உரியதாகிவிட்ட பயிர் அது.

வறண்ட நாட்டில் பிறந்த பயிராதலின் சில நல்ல குணங்கள் எல்லாச் சோளத்திற்கும் பொதுவாக உண்டு. அதன் தண்டிலும் இலையடியிலும் விரலால் தடவினால் வெண்பொடி ஒட்டும். அது மெழுகு, நீர் வீணே ஆவியாகாமல் காக்கும் போர்வை. வெயில் கடுமையாகும்போது இலை தானே சுருண்டு கொள்ளும். வெயில் படும் பரப்பு அதனால் குறையும். கரும்பையும் மக்காச்சோளத்தையும் போலவே சோளமும் காற்றிலுள்ள கரிவளியைத் தன் இலைக்குள் செறிவாக்கிப் பயன்படுத்தும் வழியை அறிந்தது. ஆதலின் இலைத்துளைகளை அகலத் திறக்காமலே உணவு சமைத்துக்கொள்ளும். அதன் வேர்கள் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்க வல்லவை. அகல உழுவதிலும் ஆழ உழு என்பது நம் பழமொழி. அகலப் பரவுவதிலும் ஆழப் போ என்பது சோளத்தின் வேருக்கு இயற்கை இட்ட கட்டளை போலும்! கதிர் உருவாவதற்கு முன் வறட்சி நேர்ந்தால் வளர்ச்சியை நிறுத்திவைத்து, மழை வந்தபின் மீண்டும் வளரும் பொறுமையும் அதற்கு உண்டு.

குணத்தோடு ஒரு குற்றமும் உண்டு. நீரின்றி வாடும் இளம் சோளத்தில் நஞ்சாக மாறும் பொருள் மிகும். அதனை மேய்ந்த மாடு மாண்டுபோகும். நம் ஊர்ப்புறத்துப் பெரியவர்கள் வாடிய இளஞ்சோளக் கொல்லையில் மாட்டை விடாமல் காத்ததற்குக் காரணம் இதுவே.

வகைதோறும் வேறு வழி

இப்பொதுக் குணங்கள் எல்லா வகைக்கும் இருப்பினும், ஒரே வயலில், ஒரே வறட்சியில் ஒரு வகை பதராகிறது. மற்றொரு வகை மணி பிடிக்கிறது. இவ்வேறுபாட்டை ஆராய்ந்தோர் மூன்று வழிகளைக் கூறுவர்: வறட்சிக்கு முன்பே முடித்துக்கொண்டு தப்புதல், வறட்சி தன்னை அணுகாமல் தவிர்த்தல், அணுகிய வறட்சியைப் பொறுத்துத் தாங்குதல்.

தப்பும் வகைகள் குறுகிய வயதுடையவை. மண்ணில் உள்ள ஈரம் தீர்வதற்குள் மணி முற்றிவிடும். தவிர்க்கும் வகைகள் வேரை ஆழச் செலுத்தியும், இலைத்துளைகளைக் காலத்தே மூடியும் நீரை இழக்காமல் வாழ்பவை. நண்பகலில் காற்று மிக வறண்டிருக்கும் வேளையில் இலைத்துளைகளை ஓரளவு மூடிக்கொள்ளும் வகைகள் உண்டு. அவ்வேளையில் அவை சிறிது வளர்ச்சியை இழக்கும்; ஆனால் சேமித்த நீர் மணி பிடிக்கும் காலத்தில் உதவும். ஐதராபாத்துக்கு அருகில் பதான்சேருவில் 1972ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இக்ரிசாட் என்னும் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையத்தில், ஆள் உயரத்தையும் விஞ்சிய இரண்டு மீட்டர்க் குழாய்களில் மண் நிரப்பி, குழாய்க்கு ஒரு செடியாக வளர்த்து, அவ்வப்போது குழாயோடு எடைபோட்டு, எந்த வகை எந்த நாளில் எவ்வளவு நீரைச் செலவிட்டது என்று அளந்து வந்துள்ளனர். நீரை மொத்தமாக எவ்வளவு குடித்தது என்பதைக் காட்டிலும், பூத்த பின் குடிப்பதற்கு எவ்வளவு மிச்சம் வைத்தது என்பதே முதன்மையானது என்பது அத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

மூன்றாவது வழியில் நாம் அறிய வேண்டிய அருமையான பண்பு ஒன்று உண்டு. அதனைப் பசுமை மாறாமை எனலாம். பூத்தபின் வறட்சி வந்தால் பெரும்பாலான வகைகளில் அடியிலைகள் தொடங்கி மேலே வரை காய்ந்துவிடும். இலை காய்ந்தால் மணிக்கு உணவு அனுப்ப வழியில்லை. செடி தண்டிலுள்ள சேமிப்பைக் கரைத்து மணிக்கு ஊட்டும். இளைத்த தண்டில் கரிகோல் அழுகல் என்னும் நோய் புகும். தண்டு உட்கூடாகி ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும். ஆனால் சில வகைகள் அதே வறட்சியில் இலை பசுமையாகவே நின்று மணியை நிரப்பும். எத்தியோப்பியச் சோளத்திலிருந்து உருவாக்கப்பட்ட பி 35 என்னும் வகை இப்பண்புக்கு உலகப் புகழ் பெற்றது. அதன் காரணத்தைத் தேடிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டது யாதெனில், இச்செடி பக்கத்தூர்களைக் குறைவாக விடுகிறது. மேலிலைகளைச் சிறிதாக வைத்துக்கொள்கிறது. ஆகவே பூக்கும் நாள் வரை குறைவாகச் செலவு செய்கிறது. மிச்ச நீர் இருப்பதனால் பின்னர்ப் பசுமை மாறாமல் நிற்கிறது. ஆடம்பரம் குறைந்த குடும்பம் கடைசி வாரத்திலும் கலங்காமல் இருப்பதற்கு இது ஒப்பாகும்.

இத்தனை சிறப்புடைய பி 35 எல்லா வறட்சியையும் வெல்லுமா எனின், வெல்லாது. பூப்பதற்கு முன்பே வறட்சி வந்தால் அது தளர்ந்துவிடும். இதற்கு நேர்மாறானது டிஎக்ஸ் 7000 என்னும் வகை. பூப்பதற்கு முன் வரும் வறட்சியை அது நன்கு தாங்கும். பூத்தபின் வரும் வறட்சியில் இலை உலர்ந்துவிடும். அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்து ஆய்வாளர் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலந்து, எந்தக் குணம் எந்த மரபுக்கூற்றில் உள்ளது என்று தேடினர். 2009ஆம் ஆண்டில் சோளத்தின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பெற்றது. அதன்பின் இத்தேடல் எளிதாயிற்று. ஆனால் தேடத் தேடத் தெரிய வந்த உண்மை ஒன்றே: வறட்சியைத் தாங்குதல் ஒற்றை மரபணுவில் அடங்கிய ஒற்றைக் குணம் அன்று. எந்தப் பருவத்து வறட்சி, எந்த மண், எவ்வளவு ஆழம் என்று கேட்ட பின்னரே எந்த வகை என்று சொல்ல இயலும்.

மால்தண்டி

இவ்வுண்மையை ஆய்வகம் கூறுவதற்கு முன்பே இந்தத் தக்காணத்து உழவர் தம் வயலில் அறிந்திருந்தனர். அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வைத்த வகைகளுள் ஒன்று மால்தண்டி. சோலாப்பூர் மாவட்டத்து மோஹோளில் இருந்த ஆராய்ச்சிப் பண்ணையில் 1930களில், உழவரிடம் பெற்ற மால்தண்டியிலிருந்து தேர்ந்தெடுத்த வகையே எம் 35-1. உயரமான செடி, முத்துப் போன்ற வெண்மணி, ஏறத்தாழ 120 நாள் வயது. தட்டை கால்நடைக்கு நல்ல தீவனம். குருத்து ஈயின் தொல்லையையும் ஓரளவு தாங்கும். அதன் பாக்ரி மிருதுவாக இருக்கும் என்பதை நம் மகளிர் நன்கு அறிவர். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உழவர் அதனை விரும்பி விதைக்கின்றனர். அறிவியல் வேகமாக மாறும் இக்காலத்தில் ஒரு விதை இத்தனை ஆண்டு நிலைத்து நிற்பது சிறிய செய்தியன்று.

அதே 1930களில் சோலாப்பூர், பிஜாப்பூர், ஹகரி, ராய்ச்சூர், ரோஹ்தக் ஆகிய ஐந்து இடங்களில் மானாவாரி வேளாண்மைக்கென ஆய்வு தொடங்கப்பெற்றது. சோளம் முளைத்த பின் மாடு பூட்டிய இரும்பு அலகினால் வரிசைகளினிடையே கிளறி, மண் வெடிப்பை மூடி, மேல்மண்ணைத் தூளாக்கி ஈரம் காக்கும் முறை இப்பகுதியில் இன்றும் நடைபெறுகிறது. விதையின் திறமையும் உழவரின் உழைப்பும் சேர்ந்தே வறட்சியை வெல்கின்றன என்பது இதனால் பெறப்படும்.

ஆனால் மால்தண்டியும் எல்லா நிலத்திற்கும் பொருந்தாது. ஓரடி ஆழத்தில் முரம்பு தட்டும் மேட்டு நிலத்தில் வாளி பாதியே நிறையும். அங்கு 120 நாள் பயிர் முடிவுவரை தாக்குப் பிடிக்காது. ஆதலின் ராகுரியிலுள்ள மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகத்தார் மண்ணின் ஆழத்திற்கு ஏற்ப வெவ்வேறு வகைகளை உருவாக்கினர். ஆழமற்ற மண்ணுக்கு விரைவில் முற்றும் புலே அனுராதா, நடுத்தர மண்ணுக்குப் புலே சுசித்ரா, ஆழமான கரிசலுக்குப் புலே வசுதா என்பன அவற்றுட் சில. பர்பணி மோத்தி என்பது மராட்வாடாப் பகுதியின் பர்பணிப் பல்கலைக்கழகம் தந்தது. தை மாதத்துக் குளிரில் இளங்கதிரைச் சுட்டு உண்ணும் ஹுர்டாவை நம் குழந்தைகளும் விரும்பி உண்கின்றனர் அன்றோ? அதற்கெனவும் குல்பேண்டி முதலிய தனி வகைகள் உண்டு.

நம் தமிழகத்துக் கரிசலிலும் இதே அறிவு உண்டு. கோவில்பட்டி வட்டாரத்து இருங்குச் சோளம் தீவனத்திற்கும் வறட்சிக்கும் பெயர் பெற்றது. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அறிஞர் டி. எஸ். வெங்கட்ராமன் 1930ஆம் ஆண்டளவில் கரும்பையும் சோளத்தையும் ஒட்டவைத்துக் கலப்பினம் உண்டாக்கி உலகத்தை வியக்க வைத்தார். கரும்பும் சோளமும் அவ்வளவு நெருங்கிய உறவு! ஆயினும் ஒன்று ஆண்டு முழுவதும் நீர் கேட்கும். மற்றொன்று ஒரு வாளியில் வாழும். இவ்வுறவினர் இருவரின் வழக்கைப் பின்னர்க் காண்போம்.

பஞ்சம் சொல்லும் பாடம்

இவ்வளவு வகைகள் எதற்கு, மிகுதியாக விளையும் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். இதற்குப் பஞ்சத்தின் வரலாறே விடை கூறும். நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று நடுங்கிச் சொன்ன 1876ஆம் ஆண்டுப் பஞ்சம் தமிழகத்தை மட்டும் வாட்டவில்லை. அதே பஞ்சமே இந்தச் சோலாப்பூர்ச் சீமையையும் வாட்டியது. நம் கொள்ளுப்பாட்டனாரும் நம் அண்டை வீட்டு மராட்டியரின் கொள்ளுப்பாட்டனாரும் ஒரே பசியை அறிந்தவர்கள். அதற்கும் முற்பட்ட காலத்தில், பீதர் சுல்தானின் அதிகாரியாக மங்கள்வேடாவில் இருந்த தாமாஜி, பஞ்சத்தில் அரசுக் களஞ்சியத்தைத் திறந்து மக்களுக்குத் தானியம் வழங்கினார் என்றும், பண்டரிநாதனே ஏவலாளாக வந்து அதன் விலையைச் செலுத்தினான் என்றும் மரபுவழிக் கதை கூறும். பக்த விஜயம் படித்த நம் பாட்டியர் வழியாக இக்கதை நம் இல்லங்களுக்கும் புதிதன்று. அந்த மங்கள்வேடாவின் சோளம் இன்று புவிசார் குறியீடு பெற்ற தானியம்.

1964ஆம் ஆண்டு சி.எஸ்.எச். 1 என்னும் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளம் வெளிவந்தது. குட்டையான செடி, குறுகிய வயது, மழைக்காலப் பருவத்தில் மிகுதியான விளைச்சல். உணவுக்குக் கப்பலை எதிர்நோக்கியிருந்த அந்நாளில் அது பெரும் நன்மை செய்தது என்பதை மறக்கலாகாது. ஆனால் ராபி பருவத்து வறட்சிக்கு அத்தகைய ஒட்டு வகைகள் எளிதில் ஒத்துவரவில்லை. மணியின் தரமும் தட்டையின் அளவும் உழவருக்கு நிறைவு தரவில்லை. மாடு வைத்திருப்பவருக்கு வறட்சி ஆண்டில் தானியத்தைப் போலவே தட்டையும் உயிர்நாடி ஆயிற்றே!

1972ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் கொடிய வறட்சி நேர்ந்தது. மைலோ என்ற பெயரில் அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புச் சோளத்தைப் பங்கீட்டுக் கடையில் வாங்கி உண்டதை இங்குள்ள முதியோர் இன்றும் நினைவுகூர்வர். உழைப்போருக்கு வேலை தர அப்போது நடைபெற்ற நிவாரணப் பணிகளே பின்னர் 1977ஆம் ஆண்டில் வேலை உறுதிச் சட்டமாக இம்மாநிலத்தில் உருப்பெற்றன. சோளம் வேரூன்றிய தக்காணமே சோளத்திற்குக் கடல் கடந்து கையேந்திய ஆண்டு அது.

அவ்வாண்டு உணர்த்துவது, எந்த விதையும் மழையே இல்லாத ஆண்டில் விளையாது என்பதும், எந்த ஒரு விதையும் எல்லா ஆண்டுக்கும் பொருந்தாது என்பதும் ஆகும். சிக்கனமான வகை நல்ல மழை ஆண்டில் பின்தங்கும். தாராளமான வகை மழை குறைந்த ஆண்டில் பதராகும். அடுத்த ஆண்டு எத்தகையது என்பதை யாரறிவார்? ஆகவே பல வகைகளைக் காப்பதே அறிவுடைமை.

இன்றைய நிலை

ஆனால் இன்று நடப்பது யாது? 1960களின் இறுதியில் இந்தியாவில் ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேரில் சோளம் விளைந்தது. இன்று அதில் நாலில் ஒரு பங்கு அளவே எஞ்சியுள்ளது. ராபிச் சோளத்தின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டியே நிற்கிறது. மால்தண்டியைக் கையால் பிடுங்கி அறுவடை செய்ய ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பங்கீட்டுக் கடைகள் பெரும்பாலும் அரிசியும் கோதுமையும் தருகின்றன. வாய்க்கால் நீரோ ஆழ்துளைக் கிணறோ கிடைத்த உழவர், நிச்சயமான விலை தரும் கரும்பை நாடுகின்றனர். சோலாப்பூர் மாவட்டத்தில் இன்று கரும்பாலைகள் பல. முன்னே சொன்ன உறவினர் வழக்கு இதுதான்: ஒரு வாளியில் வாழும் தம்பியின் நிலத்தைக் குளம் கேட்கும் அண்ணன் வாங்கிக்கொண்டிருக்கிறான். இதில் உழவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கவே அவர் கரும்பு நடுகிறார். நம் தந்தையர் ஊரை விட்டு இங்கு வந்ததும் அதற்காகவே அன்றோ?

விதை அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை என்பர் சிலர். இக்ரிசாட் விதைக் களஞ்சியத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சோள வகைகள் குளிர்ப்பதனம் செய்யப்பட்டுள்ளன. இது பெரும் பாதுகாப்பு, ஐயமில்லை. ஆனால் குளிர்ப்பெட்டியில் உறங்கும் விதை ஆண்டுதோறும் மாறிவரும் வெயிலையும் மழையையும் பூச்சியையும் சந்திப்பதில்லை. இன்ன மண்ணுக்கு இன்ன விதை, இன்ன நாளில் விதைப்பு என்னும் அறிவு குளிர்ப்பெட்டியில் இல்லை; அஃது உழவரின் மனத்தில் உள்ளது. விதைப்பு நின்ற ஒரு தலைமுறைக்குள் அவ்வறிவு மறைந்துவிடும். மொழிக்கும் இதே விதி என்பதைத் தமிழ்ச் சங்கத்தாராகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூலகத்தில் நூல் இருப்பது நன்று. வீட்டில் பேசுவோரும் இருந்தால்தான் மொழி வாழும்.

நாம் செய்யத்தக்கது

நகரத்துக் காலனியில் வாழும் நாம் இதற்கு என் செய்ய இயலும்? நம்மிடம் நிலம் இல்லை; ஆனால் அடுப்பு இருக்கிறது. உண்போர் இருந்தால் விதைப்போர் இருப்பர். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எங்கும் விழாக்கள் நடந்தன. விழா ஓராண்டில் முடிந்துவிடும். சமையல் அறையில் நடப்பதே நிலைத்து நிற்கும்.

ஆதலின் மூன்று சிறு வேண்டுகோள்களை நம் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம். முதலாவது, வாரத்தில் இருநாளேனும் நம் இல்லங்களில் சோளம் உணவாகட்டும். பாக்ரி தட்டும் கைப்பழக்கத்தை அண்டை வீட்டு மராட்டியச் சகோதரியரிடம் கற்போம். சோள தோசையும் பணியாரமும் அவர்களுக்குக் கற்பிப்போம். இரண்டாவது, கடையில் சோளம் என்று மட்டும் கேளாமல், மால்தண்டியா, வேறு வகையா, எந்த ஊர் விளைச்சல் என்று கேட்டு வாங்குவோம். அரிசியில் பொன்னியா, சோனா மசூரியா என்று கேட்டு வாங்கும் நமக்கு இது கடினமன்று. வகையின் பெயரைக் கேட்பவர் இருந்தால்தான் வணிகர் வகைகளைப் பிரித்து வைப்பார். வணிகர் பிரித்து வைத்தால்தான் உழவருக்கு அவ்வகைக்குரிய விலை கிடைக்கும். மூன்றாவது, நம் சங்கத்து இளைஞர்களைப் பின்பனிக் காலத்தில் ஒருநாள் சோலாப்பூர்ப் பக்கத்துச் சோள வயலுக்கு அழைத்துச் செல்வோம். வெடித்த மண்ணைக் கையால் தொட்டு, அதில் நிற்கும் கதிரைக் கண்ணால் கண்ட பிள்ளை, தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போகத் தயங்குவான்.

நாம் உண்பது இந்த நிலத்தின் சோறு. குடிப்பது இந்த நிலத்தின் நீர். மழை குறைந்த ஆண்டில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற காலனிகளில் நம் காலனியும் ஒன்று. கரிசல் மண்ணில் ஒரு வாளி நீரை நான்கு திங்களுக்குப் பங்கிட்டு, தானும் வாழ்ந்து, உழவருக்கு மணியும் மாட்டுக்குத் தட்டையும் கொடுத்துச் செல்கிறது சோளம். அதனை மண்ணுக்கு மண் வேறுபடுத்தித் தேர்ந்தெடுத்துக் காத்தவர் பெயர் அறியா உழவர். அவர்கள் காத்த வகைகள் நம் காலத்தில் குறைந்தன என்னும் பழி வராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

 வாழ்க நம் சங்கம்! வளர்க உழவு!